கட்டும் செட்டுமாய் ஒரு குடித்தனம்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு வீடு பற்றிய ஆசை இருவகையில் வரும். சிலர் ஊரிலே ஒரு வீடு கட்டிப் பூட்டி வைப்பர். சிலர் வந்த இடத்திலேயே ஒரு வீட்டை வாங்கிக் கடனில் பூட்டிக்கொள்வர். நாங்கள் இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஆரியசாலைச் சந்தியிலிருந்து கிள்ளிப்பாலம் செல்லும் பக்கத்தில், ஆட்டோ நுழையாத ஒரு சந்தில், ஒன்றேமுக்கால் சென்ட் மண்ணும் அதன்மேல் ஒரு பழைய ஓட்டு வீடும் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் எங்கள் பெயருக்கு வந்தன. பெயர்தான் வந்தது. ஆதாரம் வங்கியின் இரும்புப் பெட்டிக்குப் போயிற்று.

தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை இங்கே ஆதாரம் என்கிறார்கள். வில்லங்கச் சான்றுக்குக் குடிக்கிடச் சான்று என்று பெயர். வீட்டு வரியைத் தீர்ப்பதற்குக் கரம் அடைத்தல் என்று பெயர். இச்சொற்களையெல்லாம் கற்றுத் தேறுவதற்கே ஒரு மழைக்காலம் கழிந்தது. எங்களில் ஒருவர் தைக்காட்டில் உள்ள ரயில்வே கோட்ட அலுவலகத்தில் எழுத்தர். பத்தாம் வகுப்புத் தேறியவுடன் கீழ்நிலை வேலையில் சேர்ந்து, பிறகு துறைத்தேர்வு எழுதி மேசைக்கு வந்தவர். மற்றவர் வீட்டிலே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து அண்டை வீட்டாரின் ரவிக்கைகளைத் தைப்பவர். இருவரும் சேர்ந்துதான் இக்கட்டுரையை எழுதுகிறோம். எழுத்து ஒருவருடையது, கணக்கு மற்றவருடையது.

சங்கத்துக் கூட்டங்களில் எங்களைக் காணும் அன்பர்கள், "வீட்டுக் கடனை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. கேட்பவர்களில் பலருக்கும் கடன் உண்டு. ஆனால் தம் கடனைப் பற்றிப் பேசுவதற்கு அவர்களுக்குக் கூச்சம். எங்களுக்கும் அக்கூச்சம் இருந்தது. மழை வந்து அதைக் கழுவிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

வீட்டின் விலை 24 லட்சம். கேரளத்தில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு எட்டு, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு. ஆகவே 2,40,000 ரூபாய் அரசுக்கே சென்றது. ஊரில் தகப்பனார் விட்டுச் சென்ற வயலில் எங்கள் பங்கை விற்றோம். இல்லத்தரசியின் நகைகளில் ஒரு சங்கிலி தவிர மற்றவை போயின. கே.எஸ்.எஃப்.இ. என்னும் கேரள அரசு நிதி நிறுவனத்தில் நாற்பது மாதச் சிட்டி ஒன்று கட்டி வந்தோம். அதை ஏலத்தில் எடுத்தோம். 1969இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் சிட்டி இந்நாட்டில் நடுத்தரக் குடும்பங்களின் உண்டியல் என்றே சொல்லலாம். ஏலத்தில் முந்தி எடுப்பவர் தம் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். அவ்வாறு விட்டது, நிறுவனத்தின் பங்கு போக, மற்றவர்களுக்குப் பிரிகிறது. அவசரக்காரன் கொடுப்பதைப் பொறுமைக்காரன் பெறுகிறான். நாங்கள் அப்போது அவசரக்காரர்கள்.

மீதிக்கு 15 லட்சம் கடன். மைய அரசு ஊழியருக்கு வீடு கட்டும் முன்பணம் உண்டே, அதை ஏன் நாடவில்லை என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. 2017ஆம் ஆண்டின் விதிப்படி அம்முன்பணம் தனிவட்டிக்குக் கிடைக்கிறது. முதலில் அசலை 180 தவணைகளிலும், பிறகு வட்டியை 60 தவணைகளிலும் பிடித்துக்கொள்கிறார்கள். கூட்டுவட்டியின் கொடுமை அதில் இல்லை. ஆனால் தொகை 34 மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் போகாது. எவ்வளவு சம்பளமானாலும் 25 லட்சத்தைத் தாண்டாது. அன்று எங்கள் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். முப்பத்து நான்கால் பெருக்கினால் 7,37,800. அதைக் கொண்டு வாசலும் திண்ணையும் வாங்கலாம். அடுக்களை வாங்க முடியாது. உயர்ந்த சம்பளம் பெறும் அன்பர்கள் வங்கிக்குப் போகுமுன் இம்முன்பணத்தைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

வங்கி எங்களுக்குக் கடன் தந்தபோது வட்டி நூற்றுக்கு ஏழு. இருபது ஆண்டு, 240 தவணை, மாதம் 11,629 ரூபாய். வட்டி மாறும் வட்டி. 2019 அக்டோபர் முதல் இத்தகைய வீட்டுக் கடன்களின் வட்டியை வங்கிகள் ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. எங்கள் கடனுக்கு அளவுகோல் ரெப்போ வீதம். அது அன்று நான்கு; அதன்மேல் வங்கியின் பங்கு மூன்று. நான்கும் மூன்றும் ஏழு. நான்கு என்பது எந்நாளும் நான்காகவே இருக்கும் என்று எண்ணிக் கையொப்பமிட்டோம். ரயிலின் கால அட்டவணையையே நம்பாத நாங்கள் வட்டி வீதத்தை நம்பியது வியப்புத்தான்.

2022 மே மாதம் முதல் ரெப்போ வீதம் ஏறத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் அது ஆறரை. எங்கள் வட்டி ஒன்பதரை. அந்நாட்களில் விலைவாசியும் ஏறியபடியால் நாங்கள் அரிசியையும் எண்ணெயையும் கவனித்தோமே தவிர வட்டியைக் கவனிக்கவில்லை. கைப்பேசிக்கு வங்கியிலிருந்து வரும் செய்திகளைப் பாதிக்கு மேல் படிப்பதும் இல்லை. 2023 ஏப்ரலில் ஒரு நாள் சம்பளக் கணக்கில் தவணையாகக் கழிந்த தொகை 12,360 என்று கண்டு திடுக்கிட்டு வங்கிக்கு ஓடினோம்.

அங்கே ஓர் அச்சிட்ட கணக்குத் தாளைக் கொடுத்தார்கள். அதை வாங்கிப் படித்த அந்த மாலையை எங்களால் மறக்க இயலாது. இரண்டு ஆண்டு கட்டியிருக்கிறோம். 24 தவணைகளில் ஏறத்தாழ 2,79,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அசலில் குறைந்திருந்தது 60,000 ரூபாய் அளவுக்குத்தான். 14 லட்சத்து 40 ஆயிரம் நின்றது. அதற்கு ஒன்பதரை வட்டி மாதம் 11,400. பழைய தவணையான 11,629ஐயே கட்டிக்கொண்டிருந்தால் அசலுக்குப் போவது மாதம் 229 ரூபாய். அவ்விதத்தில் கடன் தீர நாற்பது ஆண்டுக்கு மேலாகும். வங்கியோ கால அளவை நாங்கள் ஓய்வு பெறும் மாதம் வரையில் நீட்டியிருந்தது. அப்போதும் கணக்குச் சரிப்படாமையால் தவணையையும் சற்று ஏற்றியிருந்தது. 240 என்று இருந்த இடத்தில் 348 என்று இருந்தது. இருபது ஆண்டுக் கடன் இருபத்தொன்பது ஆண்டுக் கடனாகிவிட்டது.

"சம்பளம் வருகிற நாள் முழுவதும் தவணை, சம்பளம் நின்ற நாளில் ஆதாரம். அப்படியானால் இந்த வீட்டில் நாம் குடியிருப்பது வாடகைக்கா?" என்று இல்லத்தரசி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவே நீலக்கோட்டு நோட்டு ஒன்றை எடுத்து அவள் கணக்கெழுதத் தொடங்கினாள்.

கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். தவணைக் கடனில் ஆரம்ப ஆண்டுகளில் நாம் கட்டுவது பெரும்பாலும் வட்டி. அசல் ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: 15 லட்சம், எட்டரை வட்டி, இருபது ஆண்டு. தவணை 13,017 ரூபாய். முதல் மாதத்தில் வட்டி 10,625, அசல் 2,392. இருபது ஆண்டு முடிவில் கொடுத்திருக்கும் வட்டி மட்டும் 16 லட்சத்து 24 ஆயிரம். இத்தவணையோடு மாதந்தோறும் 2,000 ரூபாய் கூடுதலாக அசலுக்கென்று கட்டினால் என்ன ஆகும்? கடன் பதினான்கரை ஆண்டில் தீர்ந்துபோகும். வட்டியில் மிச்சம் ஐந்து லட்சத்துக்கு மேல். இரண்டாயிரம் ரூபாய் என்பது ஒரு நாளைக்கு அறுபத்தேழு ரூபாய். அறுபத்தேழு ரூபாயை எங்கே பிடிப்பது என்பதுதான் அந்த நோட்டின் முதற்பக்கத்தில் எழுந்த கேள்வி.

கூடுதலாகக் கட்டினால் அபராதம் கேட்பார்களோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. மாறும் வட்டியில் தனி நபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டித் தீர்ப்பதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே கட்டளையிட்டிருக்கிறது. பதினோர் ஆண்டாக இருந்துவரும் இச்செய்தியை நாங்கள் 2023இல்தான் அறிந்தோம்.

அறுபத்தேழு ரூபாயைத் தேடிய கதை இனி.

சாலைக் கடைத்தெரு எங்கள் வாசலில் இருப்பது பெரும் பேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் தோற்றுவித்த சந்தை இது. தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த தமிழ் வணிகர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரி, நெல்லை, தென்காசிப் பக்கத்துக் காய்கறிகள் விடியுமுன் வந்து இறங்குகின்றன. விடியற்காலையில் வாங்குபவன் விலை கொடுக்கிறான். விளக்கு வைத்தபின் வாங்குபவன் மிச்சத்தைப் பெறுகிறான். கடை கட்டும் வேளையில் தக்காளியும் வெண்டையும் பாதி விலைக்கு வரும். வாடியிருக்கும், ஆனால் குழம்புக்கு வாட்டம் தெரியாது. நாங்கள் வாரத்தில் இரு நாள் இரவு ஏழரைக்குமேல் பையெடுத்துச் செல்கிறோம். கடைக்காரர்களுக்கு இப்போது எங்கள் வழக்கம் தெரியும். "கடன்காரச் சாமி வந்தாச்சு" என்று ஒரு வள்ளியூர்க்காரர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஒரு பிடி கறிவேப்பிலையும் போடுவார்.

அரிசியைச் சில்லறையாக வாங்குவதை நிறுத்தினோம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, பெயரொட்டிய அரிசி மூட்டைகளுக்கு நூற்றுக்கு ஐந்து சரக்கு வரி வந்தது. வணிகர்கள் உடனே 26 கிலோ மூட்டை போட்டார்கள். அந்த ஒரு கிலோவின் புத்திசாலித்தனத்தை வியந்து நாங்களும் 26 கிலோ மூட்டைக்கு மாறினோம். மூட்டை அரிசிக்குக் காற்றுப்புகாத டின் வேண்டும். வசம்புத் துண்டு வேண்டும். வண்டு வந்தால் வெயில் வேண்டும். திருவனந்தபுரத்தில் இந்த மூன்றாவதுதான் கிடைப்பதில்லை.

மாவேலிக் கடைகளைப் பற்றி நம்மவரில் பலர் அலட்சியமாக நினைக்கிறார்கள். கேரள அரசின் குடிமைப்பொருள் வழங்கு கழகம் 1974 முதல் நடந்துவருகிறது. அரிசி, பயறு, பருப்பு, மிளகாய் முதலிய 13 பண்டங்களைச் சலுகை விலையில் தருகிறது. எல்லா நாளும் எல்லாப் பண்டமும் இருக்காது. இருக்கும் நாளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். வரிசையில் நிற்க வெட்கப்படுபவர்களுக்கு அது உதவாது.

தேங்காயெண்ணெய் 2025இல் கிலோ நானூறு ரூபாயைத் தாண்டிப் போயிற்று. மலையாள நாட்டில் இருந்துகொண்டு தேங்காயெண்ணெயைக் கைவிடுவதா என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். தாளிக்க நல்லெண்ணெய், தலைக்கு மட்டும் தேங்காயெண்ணெய் என்று பிரித்துக்கொண்டோம். அவியலுக்கு மட்டும் விதிவிலக்கு. நல்லெண்ணெய் அவியலை எங்கள் வீட்டில் ஒருமுறைதான் சமைத்தோம்.

தைக்காடு அலுவலகத்துக்கு மிதிவண்டி. இரு சக்கர மோட்டாரை 2023 ஜூனில் விற்றோம். ஏற்றமும் வியர்வையும் இருந்தாலும் தூரம் அதிகமில்லை. அலுவலகத் தேநீர் இரு வேளை. கோப்பை பன்னிரண்டு ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள். அறுநூறு ரூபாய். ஒரு குடுவையில் வீட்டுத் தேநீர் எடுத்துச் சென்றதில் முக்கால் பங்கு மிச்சம். ஆனால் தேநீர்க் கடையில் நின்று பேசும் பேச்சுப் போயிற்று. கடையில்தான் மாறுதல் ஆணைகள் முதலில் தெரியும், யாருக்கு மகள் பிறந்தாள் என்று தெரியும். மூன்று மாதம் கழித்து, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கடைத் தேநீர் என்று திருத்தம் செய்துகொண்டோம். சிக்கனம் மனிதர்களைக் குறைக்கத் தொடங்கினால் அது எங்களுக்கு ஒத்துவரவில்லை.

பொழுதுபோக்குக்கு இந்நகரம் தாராளமானது. 1829இல் தோன்றிய பொது நூலகம் பாளையத்தில் இருக்கிறது. கனகக்குன்றும் சங்குமுகக் கடற்கரையும் காசு கேட்பதில்லை. ஊருக்குச் செல்ல ரயில்வே இலவச அனுமதிச்சீட்டு உண்டு. நாகர்கோவில் வழிப்பாதை 1979இல் வந்தது. அதற்குமுன் நம்மவர் பேருந்தில் மார்த்தாண்டம் வழியாகக் குலுங்கிச் சென்றார்கள். நாங்கள் அனுமதிச்சீட்டைக்கூட எண்ணித்தான் செலவிடுகிறோம், அதை அசலில் கட்ட முடியாது என்றாலும்.

இவ்வாறு பிடித்து 2023 செப்டம்பரில் 40,000 ரூபாய் சேர்ந்தது. மோட்டார் வண்டி விற்ற பணமும் அதில் அடக்கம். வங்கிக்குச் சென்று முழுவதையும் அசலில் கட்டிவிட்டு, ரசீதைச் சுவாமி படத்தின் கீழ் வைத்தோம். கணக்கில் மீதி 900 சொச்சம்.

அவ்வாண்டு அக்டோபர் 15 நவராத்திரித் தொடக்கம். நவராத்திரியென்றால் ஆரியசாலைக்குத் தனிச் சிறப்பு. பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருவார்கள். சரசுவதி கோட்டைக்குள், நங்கை செந்திட்டையில், எங்கள் குமாரசுவாமி ஆரியசாலைக் கோவிலில். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இவ்வழக்கம் நின்றதில்லை. நம் ஊர்ச் சாமி நம்மைப்போலவே இங்கே வந்து தங்குகிறார் என்று நாங்கள் பெருமைப்படுவோம். அவருக்குத் தவணை இல்லை.

நவராத்திரிக்கு முந்தின இரவு, 14ஆம் தேதி, மழை பிடித்தது. அம்மழையை நகரம் மறக்காது. தாழ்ந்த பகுதிகளெல்லாம் நீரில் நின்றன. எங்கள் சந்தில் முழங்கால் அளவு. விடியற்காலை மூன்று மணிக்கு அடுக்களையின் மேல் ஒரு முறிவுச் சத்தம். கறையான் அரித்த உத்திரம் ஒன்று ஓடுகளோடு உள்ளே விழுந்தது. மகள் அன்று அடுத்த அறையில் உறங்கியது தெய்வச் செயல். அரிசி டின்னின் மூடி நசுங்கி, 26 கிலோவும் நனைந்தது.

தச்சர் வந்து பார்த்து 55,000 என்றார். எங்கள் கையில் 900 ரூபாய். ஒரு மாதத்துக்குமுன் கட்டிய 40,000 ரூபாயை வங்கி திருப்பித் தருமா? அசலில் விழுந்த பணம் கிணற்றில் விழுந்த கல். மீதமிருந்த ஒரே சங்கிலியை, இரண்டு பவுன், நகைக் கடனில் வைத்தோம். அவ்வாண்டுப் போனஸ் 17,951 ரூபாய் அப்படியே நகைக் கடனுக்குப் போயிற்று. மீதியைத் தையல் பணத்தில் கட்டிச் சங்கிலியை மீட்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் இல்லத்தரசி மஞ்சள் கயிற்றோடு இருந்தாள். சங்கத்துப் பொங்கல் விழாவில் கழுத்தைக் கண்டு கேட்டவர்களிடம் அவள் மறைக்கவில்லை. "கூரையில் இருக்கிறது" என்றாள். கடனைப் பற்றிப் பேசும் கூச்சம் போனது அன்றுதான்.

ஓடுகள் விழுந்தபின் கற்ற பாடத்தை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்: மூன்று மாதத் தவணை அளவுக்குத் தொகை எப்போதும் தபால் நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்காக மாதம் 1,500 ரூபாய் தொடர் வைப்பில் கட்டுகிறோம். கூரை நிதி என்று பெயர். 2025 முடிவில் அதில் 36,000 சேர்ந்தது. இலக்கை எட்ட இன்னும் ஆறு மாதம்.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2023 ஆகஸ்ட் 18ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்பதைக் கடன் வாங்கியவர் தெரிவு செய்ய வழி தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலும் வட்டியும் காட்டும் விவரம் தர வேண்டும் என்பது அதன் சாரம். பழைய கடன்களுக்கும் அது அவ்வாண்டு டிசம்பர் முடிவுக்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என்றார்கள். நாங்கள் ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, 2024 ஜனவரி முதல் தவணையை 15,000 ஆக்கிக்கொண்டோம். பதினெட்டே ஆண்டில் முடிக்கவேண்டுமானால் 13,940 போதும். நாங்கள் ஒரு பிடி கூட்டி வைத்தோம். வாய்ச்சொல்லாகக் கேட்டால் வங்கியில் வாய்ச்சொல்லாகவே பதில் கிடைக்கும். எழுதிக் கொடுத்து, படியில் முத்திரை வாங்குங்கள். இது எழுத்தரின் அனுபவம்.

2025இல் காற்றுத் திரும்பியது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என்று நான்கு முறை குறைந்து ரெப்போ ஆறரையிலிருந்து ஐந்தேகாலுக்கு இறங்கியது. எங்கள் வட்டியும் எட்டேகாலுக்கு வந்தது. வட்டி குறைந்தபோது தவணையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் சொன்னார். குறைக்கவில்லை. அதே 15,000தான். 2024, 2025 இரண்டு ஆண்டின் போனசும் அசலுக்குப் போயின. 78 நாள் சம்பளம் என்று பெயர் பெற்ற அந்தப் போனஸ், மாதம் 7,000 என்ற உச்சவரம்பில் கணக்கிடப்படுவதால் எங்கள் கைக்கு 17,951 ரூபாய்க்கு மேல் வருவதில்லை. நவராத்திரியை ஒட்டி வரும் அப்பணம் குமாரசுவாமி எங்களுக்குக் கொண்டுவரும் சீர் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதே நண்பர் இன்னொன்றும் சொன்னார். "வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு. அவசரப்பட்டுத் தீர்த்தால் அது போய்விடும்." பெரும் சம்பளக்காரருக்கு, அதுவும் பழைய முறையில் வரி கட்டுபவருக்கு, அது பொருந்தலாம். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியில்லை. சம்பளக்காரருக்கு நிலைக்கழிவும் சேர்த்து 12,75,000. எங்கள் சம்பளத்தில் வரியே இல்லாதபோது எதிலிருந்து கழிப்பது? அடுத்து, பொது வருங்கால வைப்பில் போட்டால் ஆகாதா என்று கேட்டார். அதற்கு 7.1 வட்டி. நாங்கள் கொடுக்கும் வட்டி எட்டேகால். எட்டேகால் கொடுத்துக்கொண்டே ஏழுக்குப் போடுவதை எங்கள் நோட்டு ஏற்கவில்லை.

எல்லாம் கணக்காக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒன்று நடந்தது; அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். 2024 நவம்பரில் மகளின் பள்ளியில் சுற்றுலா. தென்மலைக்கு. ஆளுக்கு 850 ரூபாய். அறிவிப்புத் தாள் எங்கள் கைக்கு வரவேயில்லை. சுற்றுலா முடிந்து ஒரு வாரம் கழித்து அவள் புத்தகப்பையைத் துவைக்க எடுத்தபோது உள்ளறையில் நான்காக மடித்த அந்தத் தாள் கிடைத்தது. கேட்டோம். "அப்பாவிடம் கேட்டால் அசலில் குறையும் என்று நானே போகவில்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்" என்றாள். ஒன்பது வயது. அசல் என்ற சொல் அவளுக்கு எப்படித் தெரிந்தது? இரவில் விளக்கடியில் நாங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்த பேச்சையெல்லாம் அவள் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவருமாகத் தென்மலைக்குப் போனோம். கொல்லத்திலிருந்து செங்கோட்டை செல்லும் பாதையில் பதின்மூன்று கண் பாலத்தைச் சன்னல் வழியே அவள் பார்த்தாள். நண்பர்களோடு பார்ப்பதுபோல் அது ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்தது. ஆயினும் சொல்லவில்லை. அன்றுமுதல் நோட்டில் அவள் பெயரில் ஒரு பத்தி இருக்கிறது. மாதம் 300 ரூபாய். அதை அவளே எழுதுகிறாள். அதிலிருந்து அசலுக்கு எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. சென்ற ஆண்டுச் சுற்றுலாவுக்கு அவள் போனாள். மீதி வைத்து எங்களுக்கு ஆளுக்கொரு கடலைமிட்டாய் வாங்கி வந்தாள்.

2025 முடிவில் அசல் 12 லட்சத்து 41 ஆயிரம். இப்போது தவணையில் பாதிக்குச் சற்று மேல்தான் வட்டி. மற்றது அசலைத் தொடுகிறது. வட்டி இப்படியே நின்று, தவணை 15,000 ஆகத் தொடர்ந்தால் இன்னும் பத்தாண்டு. போனசும் ஆண்டுதோறும் சேர்ந்தால் ஒன்பது ஆண்டு. நீட்டித்த கணக்கின்படி 2050ஆம் ஆண்டு வரை கட்ட வேண்டியவர்கள் நாங்கள். வட்டி மறுபடியும் ஏறலாம். உத்திரம் மறுபடியும் விழலாம். இன்னும் இரண்டு உத்திரங்கள் பழையவைதாம்.

கடன் தீர்ந்த நாளில் ஆதாரத்தை வாங்குவது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் கடனைத் தீர்த்துவிட்டு ஆதாரத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களை நாம் அறிவோம். 2023 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல், கடன் முழுவதும் தீர்ந்து முப்பது நாளுக்குள் மூல ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆதாரத்தை ஒப்படைத்துக் கடன் பெறுவதும் ஓர் அடைமானமே என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் சொல்கிறது. நம் பாட்டனார்கள் ஒற்றி வைத்தபோது நிலத்தையே விட்டுக்கொடுத்து, விளைச்சலை ஒற்றிக்காரன் உண்ணப் பார்த்திருந்தார்கள். நாங்கள் வீட்டில் இருக்கிறோம். தாள்தான் வெளியூரில் இருக்கிறது. தாள் திரும்பியபின் குடிக்கிடச் சான்று ஒன்று எடுத்து, வில்லங்கம் நீங்கியிருப்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நீலக்கோட்டு நோட்டு இப்போது இரண்டாவது புத்தகத்தில் நடக்கிறது. அதைப் பார்த்துத் தம் கணக்கோடு ஒப்பிட விரும்பும் சங்கத்து அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் வரலாம். ஆரியசாலைக் கோவிலருகே வந்து, தையல்காரம்மாள் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். வங்கி தந்த கணக்குத் தாளை உடன் கொண்டுவாருங்கள். தேநீர் உண்டு, சர்க்கரை சற்றுக் குறைவாக இருக்கும்.